பவுல் கையில் இருந்த பழைய ஏற்பாடு

கேள்வி இதுதான். எபிரெயர் 10:5-இல் "ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்" என்று ஒரு வேதவசனம் மேற்கோளாக வருகிறது. அது எடுக்கப்பட்ட சங்கீதம் 40:6-ஐத் திறந்தால் அங்கே "என் செவிகளைத் திறந்தீர்" என்று இருக்கிறது. அப்போஸ்தலர் 7:14-இல் எகிப்துக்குப் போன யாக்கோபின் குடும்பம் 75 பேர். ஆதியாகமம் 46:27-இல் 70 பேர். மேற்கோள் காட்டியவர்கள் தப்பாகக் காட்டினார்களா, அல்லது யூதர்கள் பிற்பாடு மூலத்தை மாற்றிவிட்டார்களா? கேட்டவரிடம் ஒருவர் முதலாவதையும் இன்னொருவர் இரண்டாவதையும் அடித்துச் சொல்லியிருக்கிறார்களாம்.

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் கிரேக்கத்தில் எழுதினார்கள்; மேற்கோள்களையும் பெரும்பாலும் அப்போது புழக்கத்தில் இருந்த கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்தார்கள். நம் கையில் இருக்கும் தமிழ்ப் பழைய ஏற்பாடோ எபிரெயத்திலிருந்து வந்தது. ஆகவே நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வெவ்வேறு பாடங்களை, அதாவது ஒரே நூலின் இரண்டு வாசக வடிவங்களை. இது பாதிப் பதில். மீதிப் பாதிதான் சுவாரசியமானது: அந்தக் கிரேக்கம் பல இடங்களில் விலகுவதற்குக் காரணம் மொழிபெயர்த்தவரின் தவறே கிடையாது. அவர் முன்னால் இருந்த எபிரெயச் சுருளே வேறு மாதிரி இருந்திருக்கிறது. இதை ஊகமாக மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலம், 1947 முதல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் பழைய எபிரெயச் சுருள்கள் கிடைத்தபின் மாறிவிட்டது.

முதலில் அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்பு. அலெக்சாந்தர் எகிப்தைப் பிடித்தபின் அலெக்சாந்திரியாவில் பெரிய யூதச் சமூகம் உருவானது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் வீட்டுமொழி கிரேக்கமாகிவிட்டது. ஜெப ஆலயத்தில் வாசிக்கும் எபிரெயம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மோசேயின் 5 நூல்களும் கிரேக்கத்துக்கு வந்தன. இதைப் பற்றி 'அரிஸ்தேயாவின் கடிதம்' என்ற பழைய நூல் ஓர் அழகான கதை சொல்கிறது. அரசன் இரண்டாம் தாலமி தன் நூலகத்துக்கு யூதர்களின் சட்டநூல் வேண்டுமென்று எருசலேமின் பிரதான ஆசாரியருக்கு ஆளனுப்புகிறான். கோத்திரத்துக்கு 6 பேராக 72 மூப்பர்கள் வருகிறார்கள். கடலோரத்தில் ஒரு மாளிகையில் தங்கி, கூடிப் பேசி, 72 நாளில் முடிக்கிறார்கள். பிற்காலத்தில் அலெக்சாந்திரிய யூத அறிஞர் ஃபிலோ இதை இன்னும் ஒரு படி உயர்த்தினார்: மொழிபெயர்த்தவர்கள் யாரோ காதில் ஓதியதுபோல ஒரே சொற்களை எழுதினார்களாம். அந்த நிகழ்வை நினைத்து ஃபாரோஸ் தீவில் ஆண்டுதோறும் திருவிழா நடந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். 72 என்பது 70 ஆகச் சுருங்கி, லத்தீனில் எழுபது என்ற பொருளில் 'செப்டுவஜின்ட்' என்ற பெயர் நிலைத்தது. தமிழில் எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்பார்கள்.

கதையை அப்படியே நம்ப முடியாது. கடிதம் தன்னைத் தாலமி காலத்தது என்று சொல்லிக்கொண்டாலும் அது எழுதப்பட்டது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து. அதில் நூலகத்துக்குப் பொறுப்பாளராக வரும் திமேத்திரியுவை இரண்டாம் தாலமி பட்டத்துக்கு வந்த கையோடு ஒதுக்கிவிட்டான் என்று வேறு சான்று இருக்கிறது. ஆனால் காலமும் ஊரும் ஏறத்தாழச் சரி. மான்செஸ்டரில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் துண்டில் உபாகமத்தின் கிரேக்க வரிகள் இருக்கின்றன. அது கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிறிஸ்தவம் பிறப்பதற்கு முன்பே இந்த மொழிபெயர்ப்பு ஊர்ஊராகப் படியெடுக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செப்டுவஜின்ட் என்று ஓர் அட்டை போட்ட புத்தகம் அன்றைக்கு இருக்கவில்லை. மோசேயின் நூல்கள் முதலில் வந்தன. மற்றவை அடுத்த 200 ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு திறமையோடு, தனித்தனிச் சுருள்களாக வந்தன. ஆதியாகமத்தை மொழிபெயர்த்தவர் நிதானமானவர். யோபுவை மொழிபெயர்த்தவர் கடினமான வரிகளைத் தாராளமாக விட்டுவிட்டார்; அந்தக் கிரேக்க யோபு எபிரெயத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. தானியேலின் பழைய கிரேக்கம் அவ்வளவு தளர்வாக இருந்ததால் சபையே அதைக் கைவிட்டு, தெயோதோத்தியோன் பெயரில் வழங்கும் வேறொரு மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டது. மொழிபெயர்த்தவர்களுக்கும் குறை தெரிந்தே இருந்தது. சீராக் என்ற ஞானநூலை எழுதியவரின் பேரன் கி.மு. 132-இல் எகிப்துக்கு வந்து, தாத்தாவின் எபிரெய நூலைக் கிரேக்கமாக்கினார். முன்னுரையில் அவர் வாசகரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்: எபிரெயத்தில் சொன்னதற்கு இருக்கும் வலு வேறு மொழிக்குப் போனால் இருப்பதில்லை, என் நூல் மட்டுமல்ல, நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களும்கூட அப்படித்தான் என்று. மூலத்துக்கும் கிரேக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று அன்றே பதிவு செய்த ஆள் அவர்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எபிரெயத்தை அன்று மெய்யெழுத்துகளால் மட்டும் எழுதினார்கள். உயிரொலியை வாசிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். புள்ளி வைக்காத, ஏகார ஓகாரக் குறில் நெடில் காட்டாத ஓலைச்சுவடியைப் படித்துப் பார்த்த தமிழருக்கு இதன் தொல்லை புதிதாக இருக்காது. ஆமோஸ் 9:12-ஐ எடுங்கள். நம் தமிழில், ஏதோமில் மீதியானவர்களை இஸ்ரவேலர் சுதந்தரித்துக்கொள்வார்கள் என்ற பொருளில் இருக்கிறது. அப்போஸ்தலர் 15-இல் எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தில் யாக்கோபு இதே வசனத்தைச் சொல்லும்போது, மற்ற மனுஷர் கர்த்தரைத் தேடுவார்கள் என்று வருகிறது. புறஜாதியாரைச் சேர்க்கலாமா என்ற விவாதத்துக்கு அந்த இரண்டாவது வாசிப்புதான் உயிர்நாடி. கிரேக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. 'ஏதோம்' என்பதையும் 'ஆதாம்', அதாவது மனிதர், என்பதையும் எபிரெயத்தில் ஒரே மூன்று மெய்யெழுத்துகளால் எழுதிவிட முடியும். 'சுதந்தரித்தல்', 'தேடுதல்' என்ற வினைகளுக்கு இடையே ஒரேயொரு எழுத்து வித்தியாசம். மொழிபெயர்த்தவர் தன் சுருளில் இருந்ததை அப்படி வாசித்தாரா, சுருளிலேயே அப்படி இருந்ததா என்று இந்த இடத்தில் தீர்த்துச் சொல்ல வழியில்லை. யாக்கோபு எதையும் திரிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சரி, 75 பேர் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் அதில் வழி இருக்கிறது. எபிரெய ஆதியாகமத்தில் கணக்கு இப்படி: யாக்கோபோடு போனவர்கள் 66, அப்புறம் யாக்கோபு, யோசேப்பு, யோசேப்பின் இரண்டு பிள்ளைகள், ஆக 70. கிரேக்க ஆதியாகமம் 46:20-இல் மனாசே, எப்பிராயீம் ஆகியோரின் வாரிசுகளாக 5 பெயர்கள் கூடுதலாக இருக்கின்றன; மொத்தம் 75 என்று போட்டிருக்கிறது. யாத்திராகமம் 1:5-இலும் கிரேக்கத்தில் 75. அப்போஸ்தலர் 7-இல் பேசுகிற ஸ்தேவான் சொன்ன எண் இதுதான். கிரேக்கர்கள் சும்மா கூட்டிவிட்டார்கள் என்று நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சாக்கடலுக்கு மேற்கே கும்ரானில் 4-ஆம் குகையில் கிடைத்த யாத்திராகமச் சுருளின் துண்டைப் படித்தார்கள். அது எபிரெயச் சுருள். அதிலும் 75 என்றே இருக்கிறது. அதாவது 70 என்ற எபிரெயப் பாடமும் 75 என்ற எபிரெயப் பாடமும் ஒரே காலத்தில் யூதேயாவில் வழங்கின.

கும்ரான் கண்டுபிடிப்புகளை மேலோட்டமாகக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஏசாயா சுருளைப் பற்றி மட்டும் கேட்டிருப்பார்கள். 1947-இல் முதல் குகையிலிருந்து வந்தது, 7 மீட்டருக்கும் மேல் நீளம், 66 அதிகாரமும் முழுமையாக, கி.மு. 2-ஆம் நூற்றாண்டு எழுத்து. அதுவரை நமக்குத் தெரிந்த முழு எபிரெயச் சுவடிகளைவிட ஆயிரம் ஆண்டு பழையது. ஆயிரம் ஆண்டில் எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். எழுத்துக்கூட்டலில் ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள் உண்டு, பொருள் மாறும் இடங்கள் குறைவு. அந்தச் சில இடங்களிலும் கிரேக்கம் சரியாக இருக்கும் இடங்கள் உண்டு. ஏசாயா 53:11-இல் துன்பப்படும் தாசன் தன் வருத்தத்துக்குப் பின் 'ஒளியைக் காண்பார்' என்று கிரேக்கத்தில் இருந்தது. மரபான எபிரெயத்தில், அதாவது நம் பழைய ஏற்பாட்டுக்கு மூலமான பாடத்தில், 'ஒளி' என்ற சொல் இல்லாமல் வெறுமனே 'காண்பார்' என்று நின்றது. கும்ரானின் ஏசாயா சுருள்களில் அந்த 'ஒளி' இருக்கிறது.

ஆனால் ஏசாயா ஒரு நல்ல பிள்ளை. 4-ஆம் குகையைப் பார்த்தால் கதை வேறு. எரேமியா நூல் கிரேக்கத்தில் எபிரெயத்தைவிட ஏழெட்டில் ஒரு பங்கு சிறியது. வரிசையும் வேறு. அண்டை நாடுகளுக்கு எதிரான தீர்க்கதரிசனங்கள் நம் வேதாகமத்தில் 46 முதல் 51 வரை கடைசியில் நிற்கின்றன. கிரேக்கத்தில் அவை 25-ஆம் அதிகாரத்தின் நடுவிலேயே தொடங்கிவிடும். மொழிபெயர்ப்பாளர் வெட்டிச் சுருக்கினார் என்பதே பலரின் எண்ணமாக இருந்தது. 4-ஆம் குகையில் ஒரு சிறிய எபிரெயத் துண்டு கிடைத்தது, எரேமியா 9, 10 அதிகாரங்களைச் சேர்ந்தது. கிரேக்கத்தில் இல்லாத 10:6-8, 10:10 வசனங்கள் அதிலும் இல்லை. அதே குகையில் நீண்ட பாடத்தின் எபிரெயப் பிரதிகளும் கிடைத்தன. அப்படியென்றால் எரேமியாவுக்கு எபிரெயத்திலேயே சிறியது, பெரியது என இரண்டு பதிப்புகள் இருந்தன. ஒரே இடத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ்ந்த யூதர்களுக்கு அது பெரிய சங்கடமாகவும் இருக்கவில்லை. என் பார்வையில் இந்த முழு விஷயத்திலும் மிக முக்கியமான சான்று உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான அந்தத் துண்டுதான்.

சாமுவேல் நூலுக்கு வந்தால் மரபான எபிரெயப் பாடம் ரொம்பவே அடிபட்டிருக்கிறது. கோலியாத்தின் உயரம் நமக்கு "ஆறு முழமும் ஒரு சாணும்", ஏறக்குறைய 2.9 மீட்டர். பழைய கிரேக்கத்திலும் கும்ரானின் சாமுவேல் சுருளிலும் வரலாற்றாசிரியர் யோசேப்பஸிடமும் 4 முழமும் ஒரு சாணும், ஏறக்குறைய 2 மீட்டர். அந்தக் காலத்து ஆளுக்கு அதுவும் பயங்கரமான உயரம்தான், கதை கெட்டுப்போகாது. இன்னும் பெரிய இடம் 1 சாமுவேல் 11-இன் தொடக்கம். அம்மோனியனான நாகாஸ் திடீரென்று வந்து யாபேஸ் ஊரை முற்றுகையிடுகிறான், சமாதானம் கேட்டால் எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்குவேன் என்கிறான். ஏன் கண், ஏன் இந்த ஊர் என்று படிப்பவருக்குப் புரியாது. கும்ரான் சுருளில் அதற்கு முன் ஒரு பத்தி இருக்கிறது: நாகாஸ் ஏற்கெனவே காத், ரூபன் கோத்திரத்தாரை ஒடுக்கி எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்கியிருந்தான், தப்பிய 7,000 பேர் யாபேஸுக்கு ஓடி ஒளிந்திருந்தார்கள். யோசேப்பஸுக்கும் இந்தச் செய்தி தெரியும். நம் எபிரெயப் பாடத்தில் யாரோ ஒரு எழுத்தர் பார்வை தவறி அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டிருக்கிறார் என்றே பலர் நினைக்கிறார்கள். இது யூதர்களின் சதி இல்லை, கிறிஸ்தவர்களின் சதியும் இல்லை. களைத்துப்போன ஒரு மனிதர், அவ்வளவே.

இப்போது முதலில் கேட்ட 'சரீரம்'. இங்கே கும்ரான் உதவாது. கிரேக்கச் சுவடிகளில்தான் விடையைத் தேட வேண்டும். எபிரெயத்தில் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்குக் காதுகளைத் தோண்டினீர்' என்று வரும். கேட்டுக் கீழ்ப்படியும் மனதைத் தந்தீர் என்பது கருத்து. பெரிய கிரேக்கச் சுவடிகளில் 'சோமா', அதாவது சரீரம், என்றே இருக்கிறது. ஆனால் கிரேக்கத்திலிருந்து போன லத்தீன் சங்கீதத்தில் 'காதுகள்' இருக்கிறது. கிரேக்கத்தில் காதுகள் என்பது 'ஓத்தியா'. அக்காலத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் பெரிய எழுத்துகளில் எழுதுவார்கள். முந்தைய சொல் 'ஸ்' எழுத்தில் முடிகிறது. அதைக் கண் இருமுறை வாசித்து அடுத்த சொல்லின் தலையிலும் வைத்து, 'த்'-ஐயும் 'இ'-யையும் குறிக்கும் இரண்டு கோடுகளை நெருக்கிப் பார்த்து 'ம' என்று எடுத்துக்கொண்டால், 'ஓத்தியா' 'சோமா' ஆகிவிடும். சிலர் இதை ஏற்கமாட்டார்கள். மொழிபெயர்த்தவரே, காதைத் தோண்டுவது என்ற விசித்திரமான பேச்சைத் தவிர்த்து, உறுப்புக்குப் பதில் உடலைச் சொன்னார் என்பார்கள். எனக்கு முதலாவது விளக்கம்தான் வலுவாகப் படுகிறது. எப்படியானாலும் எபிரெயர் நிருபத்தை எழுதியவர் தன் சுருளில் கண்டதை அப்படியே எழுதினார், அதன்மேல் தன் வாதத்தையும் கட்டினார்.

எல்லா வேறுபாட்டுக்கும் இப்படி ஒரு சுருள் கிடைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். மத்தேயு 27:9 எரேமியா பெயரில் சொல்வது பெரும்பாலும் சகரியாவில் இருக்கிறது. அதற்கு எந்தக் கிரேக்கப் பாடமும் பொறுப்பில்லை.

அடுத்து, 'யூதர்கள் மாற்றிவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டு. அது 2-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர் திரிஃபோ என்ற யூதரோடு நடத்திய விவாதமாக ஒரு நூல் எழுதினார். சண்டையின் மையம் ஏசாயா 7:14. எபிரெயத்தில் இளம்பெண் என்ற பொருள் தரும் சொல், கிரேக்கத்தில் கன்னி, மத்தேயு எடுத்தது கிரேக்கத்தை. கிரேக்கப் பாடம் கிறிஸ்தவர்களின் கையில் வாதக் கருவியானதும் யூதர்களுக்கு அதன்மேல் பிடிப்பு குறைந்தது. பிற்கால யூத நூல் ஒன்று, சட்டநூல் கிரேக்கமாக்கப்பட்ட நாள் பொன் கன்றுக்குட்டி செய்யப்பட்ட நாளைப்போல இஸ்ரவேலுக்குக் கொடிய நாள் என்கிறது. யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூதிலோ அதே நிகழ்வு தெய்வச்செயலாகப் பாராட்டப்படுகிறது. ஆக யூத மரபுக்குள்ளேயே இரண்டு மனது. அக்கிலா என்பவர் எபிரெயத்தை எழுத்தெண்ணிப் பின்பற்றும் புதிய கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்றைச் செய்தார். 553-இல் பேரரசர் யுஸ்தினியான் ஜெப ஆலயங்களில் எழுபதின்மர் மொழிபெயர்ப்பையும் அக்கிலாவையும் வாசிக்கலாம் என்று ஆணை போட்டார் என்றால், கிரேக்கத்தில் வாசிக்கும் யூதர்கள் அப்போதும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

அந்த யுஸ்தீன் ஒரு குறிப்பான குற்றச்சாட்டு வைக்கிறார். சங்கீதம் 96:10-இல் 'கர்த்தர் மரத்திலிருந்து அரசாளுகிறார்' என்று இருந்ததாம்; சிலுவையைக் குறிப்பதால் 'மரத்திலிருந்து' என்பதை யூதர்கள் நீக்கிவிட்டார்களாம். எபிரெயச் சுவடி எதிலும் அந்தச் சொல் இல்லை. பெரிய கிரேக்கச் சுவடிகளிலும் இல்லை. நேர்மையாகச் சொன்னால், கிறிஸ்தவர் யாரோ ஓரத்தில் சேர்த்தது பாடத்துக்குள் நுழைந்து, அது இல்லாத பிரதியைப் பார்த்தபோது திருடிவிட்டார்கள் என்று தோன்றியிருக்கிறது. இன்னொரு இடம் இதைவிடத் தெளிவு. ரோமர் 3:13-18-இல் பவுல் பல சங்கீதங்களிலிருந்தும் ஏசாயாவிலிருந்தும் வரிகளைத் தொகுத்து ஒரே மாலையாகத் தொடுக்கிறார். சங்கீதம் 14-இன் கிரேக்கச் சுவடிகளில், வாத்திக்கான் சுவடி உட்பட, பவுல் தொடுத்த அந்த மாலை முழுவதும் சங்கீதத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. படியெடுத்த கிறிஸ்தவர், பவுல் தொடர்ச்சியாக மேற்கோள் காட்டியதால் மூலத்திலும் அப்படி இருக்க வேண்டும் என்று 'திருத்தி'விட்டார். மூலத்தைத் தொட்ட கைகள் இரு பக்கமும் இருந்தன. இந்தப் பக்கத்துக் கை சும்மா இருந்ததென்று சொல்ல முடியாது.

இந்தக் குழப்பத்தை முதன்முதலாகக் கணக்கெடுத்தவர் ஓரிகேன் என்ற கிறிஸ்தவ அறிஞர். 3-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாலஸ்தீனத்தின் செசரியாவில் உட்கார்ந்து அவர் செய்தது அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத வேலை. 6 நெடுக்குப் பத்திகள்: எபிரெயம், கிரேக்க எழுத்தில் எபிரெயம், அக்கிலா, சிம்மாக்கு என்பவரின் கிரேக்க மொழிபெயர்ப்பு, எழுபதின்மர், தெயோதோத்தியோன். வரிக்கு வரி பக்கத்தில் பக்கத்தில். கிரேக்கத்தில் இருந்து எபிரெயத்தில் இல்லாத இடத்துக்கு ஒரு கோட்டுக் குறி, எபிரெயத்தில் இருந்து கிரேக்கத்தில் இல்லாததைச் சேர்த்த இடத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. யூதர்களோடு விவாதிக்கும்போது அவர்களிடம் இல்லாத வசனத்தை நீட்டி நம்மவர்கள் அவமானப்படக் கூடாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆறு பத்தியும் கொண்ட அந்த மாபெரும் நூலை யாரும் முழுதாகப் படியெடுக்கவில்லை; அழிந்துபோனது. விபரீதம் என்னவென்றால், ஐந்தாவது பத்தியை மட்டும் எடுத்துப் படியெடுத்தவர்கள் காலப்போக்கில் குறிகளை விட்டுவிட்டார்கள். குறி போனதும், ஓரிகேன் சேர்த்த வரி எது, பழைய வரி எது என்று பிரிக்க முடியாமல் ஆனது. ஒழுங்குபடுத்தப் போட்ட உழைப்பே பிற்கால ஆய்வாளர்களுக்குத் தலைவலியாக முடிந்தது.

ஓரிகேனின் நூலைச் செசரியாவிலேயே பார்த்துப் பயன்படுத்தியவர் ஜெரோம். போப் தமாசு 382 வாக்கில் லத்தீன் சுவிசேஷங்களைத் திருத்தும் வேலையை அவரிடம் கொடுத்தார். பிறகு பெத்லகேமில் குடியேறி, பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து அல்ல, எபிரெயத்திலிருந்தே மொழிபெயர்ப்பேன் என்று இறங்கினார். 405 வாக்கில் முடித்தார். எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. வட ஆப்பிரிக்காவிலிருந்து அகுஸ்தீன் அவருக்குக் கடிதம் எழுதினார்: இன்றைய லிபியாவில் இருக்கும் ஓயா நகரில் ஆயர் உங்கள் யோனாவை வாசித்தார், யோனாவின் தலைக்கு மேல் வளர்ந்த செடியின் பெயரைக் கேட்டதும் சபையில் கலவரம், ஆயர் தன் மக்களையே இழக்கப் பார்த்தார். ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது 'சுரைக்காய்'. அது கிரேக்கத்திலிருந்து வந்தது. ஜெரோம் போட்டது 'ஐவி' என்ற படர்கொடி. உள்ளூர் யூதர்களைப் போய்க் கேட்டால் அவர்கள் பழையதே சரி என்று சொல்லிவிட்டார்களாம். ஜெரோமின் பதில் எரிச்சலோடு வந்தது: எபிரெயச் சொல் குறிக்கும் செடிக்கு லத்தீனில் பெயரே இல்லை, சுரைக்காய் என்று எபிரெயத்தில் எங்கும் இல்லை, அதனால் முந்தைய மொழிபெயர்ப்பாளர்கள் வழியில் ஐவி என்று போட்டேன் என்று. நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் கொடுத்து வைத்தவர்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ஆமணக்குச் செடி இருக்கிறது. இன்று பல அறிஞர்கள் ஒப்புக்கொள்வதும் ஆமணக்கைத்தான்.

ஆனால் ஜெரோமே ஓரிடத்தில் ஜனங்களிடம் தோற்றார். எபிரெயத்திலிருந்து அவர் செய்த சங்கீதங்களை யாரும் பாடவில்லை. வாயில் பழகியதை எப்படி விடுவார்கள்? வுல்காத்தா என்ற லத்தீன் வேதாகமத்தில் நிலைத்தது, ஓரிகேனின் கிரேக்கத்தை வைத்து அவர் முன்பு திருத்திய சங்கீதமே. கிரேக்கத்தில் 9, 10-ஆம் சங்கீதங்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் கத்தோலிக்கரின் பழைய புத்தகங்களில் சங்கீத எண் பெரும்பாலும் ஒன்று குறைந்தே வந்தது. நமக்கு 23 அவர்களுக்கு 22.

நம் தமிழ்ப் பழைய ஏற்பாடு எந்த எபிரெயத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கி.பி. 1-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு யூதர்களிடையே பல பாடங்களில் ஒன்று மட்டும் மேலோங்கி நின்றது. அதை மசோரெத்தியர் என்ற அறிஞர் மரபு, முக்கியமாகத் திபேரியாவில், 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை எழுத்தெழுத்தாக எண்ணிக் காத்தது. உயிரொலிக்குப் புள்ளிகளும் கோடுகளும் சேர்த்ததும் அவர்களே. 930 வாக்கில் எழுதிய அலெப்போ சுவடிதான் அதன் சிகரம். 1947 டிசம்பரில் அலெப்போவில் யூதர்களுக்கு எதிரான கலவரத்தில் ஜெப ஆலயம் எரிந்தது. சுவடி எருசலேமுக்கு வந்து சேர்ந்தபோது மோசேயின் நூல்களில் பெரும்பகுதியோடு ஏறத்தாழ 200 ஏடுகள் இல்லை. ஆகவே முழுதாக நிற்கும் மிகப் பழைய எபிரெய வேதாகமம், 1008 வாக்கில் எழுதி இப்போது சென் பீட்டர்ஸ்பர்கில் இருக்கும் லெனின்கிராட் சுவடி. உலகெங்கும் ஆய்வாளர் பயன்படுத்தும் அச்சுப் பதிப்புக்கு அதுவே அடிப்படை.

தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து இறந்தார். அவருக்குப் பின்வந்த மிஷனரி ஷூல்ட்சே மீதியை முடித்து 1728-இல் அச்சேற்றினார். எபிரெய வேதாகமத்தில் இல்லாத, கிரேக்கத்தில் மட்டும் இருக்கும் தொபித்து, சீராக் போன்ற நூல்களும் அந்தப் பதிப்பில் இருந்தன. லூதரே அவற்றைத் தள்ளவில்லை, 1534-இல் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவில் தனிப் பகுதியாக வைத்தார். பிற்காலத்தில் வேதாகமச் சங்கங்கள் அவற்றை அச்சிடுவதை நிறுத்திக்கொண்டன, அதனால் சீர்திருத்தச் சபையார் கண்ணிலிருந்து மறைந்தன. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்த 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் அவை மீண்டும் தமிழில் வந்தன. அவை 'கிரேக்க நூல்கள்' என்ற பேச்சும் முழுக்கச் சரியில்லை: தொபித்துவின் அரமேய, எபிரெயச் சுருள்கள் கும்ரானில் கிடைத்துவிட்டன, சீராக்கின் எபிரெயம் கெய்ரோவிலும் மசாதாவிலும் கிடைத்தது.

நீங்களே சரிபார்க்க ஓர் இடம் சொல்கிறேன். சங்கீதம் 145 எபிரெய அகரவரிசைப்படி அமைந்த பாட்டு, வரிக்கு ஓர் எழுத்து. எபிரெயத்தில் 22 எழுத்து. ஆனால் மரபான பாடத்தில் 21 வரிதான், 'ந' ஒலியுள்ள 'நூன்' எழுத்துக்கு வரி இல்லை. 13-ஆம் வசனத்துக்கும் 14-ஆம் வசனத்துக்கும் நடுவில் அது வர வேண்டும். கிரேக்கத்தில் அங்கே ஒரு வரி உண்டு, கும்ரானின் 11-ஆம் குகைச் சங்கீதச் சுருளிலும் உண்டு: தேவன் தம் வார்த்தைகளில் உண்மையுள்ளவர், தம் செயல்கள் எல்லாவற்றிலும் கிருபையுள்ளவர் என்று. பழைய தமிழ் வேதாகமத்தில் 13-ஆம் வசனம் ராஜ்யத்தையும் ஆளுகையையும் சொல்லிவிட்டு நின்றுவிடும். உங்கள் வீட்டில் புதிய மொழிபெயர்ப்பு ஏதாவது இருந்தால் அதே வசனத்தை எடுத்து, கூடுதலாக இரண்டு அடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் கும்ரானையும் கிரேக்கத்தையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம்.